பச்சைப் புள்ளி வைத்த ஏழாம் புத்தகம்

எங்கள் பேருந்துப் பணிமனையில் பாஸ் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு நாங்கள் வைத்த பெயர் கெடு அக்கா. அவர் நாற்காலிக்குப் பின்னால் இரண்டு இரும்பு பீரோ நிறையப் புத்தகங்கள். எல்லாம் எங்களுக்காக அவரே அங்கே இங்கே கேட்டுச் சேர்த்தவை. எடுத்தால் பத்து நாள் கெடு. பதினோராம் நாள் காலையில் வண்டி கேட்டைத் தாண்டும்போது குறுக்கே கையை நீட்டி நிறுத்தி, பயணிகள் முன்னாலேயே "புத்தகம் எங்கே?" என்று கேட்டு மானத்தை வாங்கிவிடுவார். நான் பட்டறை மெக்கானிக். கிரீஸ் கையோடு அட்டையைத் தொட்டதற்காக என் மானமும் இரண்டு தடவை போயிருக்கிறது.

எங்கள் ஆட்களுக்குத் தொடர் நாவல் என்றால் உயிர். ஒவ்வொருத்தருக்கும் ஒரு கிறுக்கு. ஒரு கண்டக்டர் கடைசிப் பாகத்தை முதலில் படித்துவிட்டு, யார் மிஞ்சுகிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் முதல் பாகத்தைத் தொடுவார். வண்டி கழுவும் அம்மா, எல்லாப் பாகமும் பீரோவுக்கு வந்து சேரும்வரை ஒன்றையும் தொடமாட்டார். நான் கையில் கிடைத்ததைப் படிக்கிற ரகம்.

இந்தக் கூத்தைச் சமாளிக்க அக்கா ஒரு முறை கண்டுபிடித்திருந்தார். தொடரில் இரண்டு வகை என்பார். ஒன்று ரயில்: பெட்டி பெட்டியாகக் கோத்தது, நடுவில் ஒன்றைக் கழற்றினால் மிச்சம் நகராது. அதற்கு முதுகில் சிவப்புப் புள்ளி. இன்னொன்று பஸ்: எந்த நிறுத்தத்திலும் ஏறலாம், எங்கேயும் இறங்கலாம். அதற்குப் பச்சை. எது எந்த வகை என்று பார்க்க முதல் இரண்டு பாகத்தையும் கடைசிப் பாகத்தையும் மட்டும் படிப்பார். நடுவில் உள்ளதைப் படிக்காமலே கடைசி புரிந்தால் பச்சை. அதற்கு மேல் ஒரு சட்டம் உண்டு. கதையை வெளியே சொன்னவருக்கு ஒரு மாதம் புத்தகம் கிடையாது.

பன்னிரண்டு பாகத் துப்பறியும் தொடர் ஒன்று வந்தது. அக்கா ஒன்று, இரண்டு, பன்னிரண்டு படித்தார். பச்சைப் புள்ளி வைத்தார்.

முதல்வண்டி அண்ணனைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். இருபது வருடமாகக் காலை ஆறு மணி வண்டி அவருடையது, பெயரும் அதனால் வந்தது. ஆறு மாதம் முன்னால் ஒரு குழந்தை அம்மாவின் கையை உதறிவிட்டு அவர் வண்டிக்கு முன்னால் ஓடி வந்தது. பிழைக்கவில்லை. விசாரணையில் அவர்மேல் குற்றமில்லை என்றார்கள். அவர் மட்டும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. வீட்டோடு கிடந்தார். "ஆறு மாசம் ஆச்சேண்ணே, வாங்க" என்று மேனேஜரிலிருந்து நான் வரை எல்லோரும் சொல்லிச் சொல்லி, ஒரு நாள் காலை ஆறு மணிக்கு அவர் மறுபடி வண்டி எடுப்பதாக ஏற்பாடு. அதற்கு முந்தின நாள் காலையில் டியூட்டிச் சீட்டு வாங்க வந்தவர் அக்காவிடம், "பொழுது போகமாட்டேங்குதும்மா, ஏதாவது குடு" என்றார். பச்சைப் புள்ளித் தொடரில் ஏழு மட்டும் உள்ளே இருந்தது. எடுத்துக் கொடுத்தார்.

அன்று மூன்று மணிக்கு நான் எட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். சும்மா இருந்திருக்கலாம். வாய் இருக்கிறதே.

"என்னக்கா இந்தத் துப்பறியிற ஆளு? ஏழுல கார்ல அந்தக் குழந்தைய இடிச்சார்ல, அதுலேர்ந்து எட்டு பூரா நடந்தே திரியிறார்."

அக்கா பேனாவைக் கீழே வைத்தார். "ஏழுலயா? குழந்தையா?"

"செத்துப்போயிடும்க்கா. ஏன், நீங்க படிக்கலியா?"

அவர் முகம் போன போக்கைப் பார்த்து "என்னாச்சுக்கா?" என்றேன். ஏழு யாரிடம் போனது என்று அப்போதுதான் சொன்னார். கவுண்டரை மூடினார். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நேரத்துக்கு முன்னால் அது மூடிப் பார்த்ததில்லை. எட்டாம் புத்தகத்தை ஏன் எடுத்துக்கொண்டார் என்று அவருக்கே தெரியாது. என் பைக்கின் பின்னால் ஏறி உட்கார்ந்தவர் வழி முழுக்க ஒன்றைத்தான் சொன்னார்: "தம்பி, அவர் அந்த இடம் வரைக்கும் படிச்சிருக்கக் கூடாது."

அண்ணன் வீடு மூன்றாவது மாடி. அண்ணி கதவைத் திறந்தார். இஸ்திரி போட்ட காக்கிச் சட்டை நாற்காலியில் தொங்கியது. "மத்தியானத்துலேர்ந்து உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு இருக்கார். கூப்பிட்டா பதிலே இல்ல" என்றார்.

அக்கா கதவைத் தட்டினார். "அண்ணே, நான்தான். அந்தப் புத்தகத்தைக் குடுத்துடுங்க. தப்பான புத்தகம்ணே." சத்தமில்லை. நான் கதவை உடைக்கலாமா என்று தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பயமாகத்தான் இருந்தது. அப்போது தாழ்ப்பாள் விலகியது.

அவர் நின்றார். கண் வீங்கியிருந்தது. புத்தகம் மூடியிருந்தது, கடைசிவரை படித்துவிட்டார்.

"இந்த ஆளு மறுபடி ஓட்டுறாராம்மா?"

கதையைச் சொன்னதற்காக எத்தனையோ பேரைத் தண்டித்தவர் அக்கா. இப்போது அவரே சொன்னார்: "ஓட்டுறார்ணே. பன்னெண்டுல. கார்ல ஏறி சாவியக் கையில வெச்சுக்கிட்டு ஒன்றரைப் பக்கம் சும்மா உக்காந்திருப்பார். பக்கத்த நிரப்ப எழுதியிருக்காங்கன்னு நெனச்சு நான் புரட்டிட்டேன். இப்பத்தான் எனக்கே புரியுது."

"அப்புறம்?"

"எடுத்தார். பக்கத்துத் தெரு வரைக்கும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அண்ணன் விரலை மடக்கி எண்ணினார். எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு. "அவருக்கே அஞ்சு புத்தகம் ஆகியிருக்கு" என்றார். "என்னை மட்டும் ஆறு மாசம் ஆச்சு, ஆறு மாசம் ஆச்சுன்னு சொன்னீங்க. நீயும்தான்மா சொன்னே. நாளைக்குப் பின்னாடி அம்பது பேரு உக்காந்திருப்பாங்க. என்னால முடியாது. சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"சொன்னேன். தப்புண்ணே" என்றார் அக்கா. எனக்கும் சேர்த்துத்தான் அது. நான் தரையைப் பார்த்தேன்.

அக்கா அங்கிருந்தே மேனேஜருக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் அவர் கத்துவது எனக்கே கேட்டது. அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நாளைக்கு வேற ஆளப் போடுங்க சார். அண்ணன் என் கவுண்டர்ல உக்காருவார். இல்லன்னா அந்தக் கவுண்டர்ல நானும் இல்ல" என்று வைத்துவிட்டார். எட்டாம் புத்தகத்தை அண்ணன் கையில் கொடுத்தார்.

அண்ணன் இப்போது பாஸ் எழுதுகிறார். அந்தத் தொடரின் பன்னிரண்டு முதுகிலும் பச்சைக்கு மேலே சிவப்பு ஏறியிருக்கிறது. புதிதாக வரும் தொடரை அக்கா ஒரு பாகம் விடாமல் படித்த பிறகுதான் புள்ளி வைக்கிறார். அதனால் நாங்கள் மாதக்கணக்கில் காத்துக் கிடந்து திட்டுகிறோம்.

எட்டு முதல் பதினொன்று வரை அண்ணன் கெடுவுக்கு முன்பே திருப்பிக் கொடுத்தார். பன்னிரண்டை எடுத்துப்போய் ஐந்து வாரம் ஆகிறது. தினமும் ஒரே மேசையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அக்கா இன்னும் கேட்கவில்லை.