ஏழாங்கிளாஸ் கூத்து

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதத் தெரிந்தவள் இல்லை. எட்டாவது பாஸ் செய்ததோடு படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு மளிகைச் சீட்டும், ஊருக்குப் போடும் கார்டும்தான் நான் எழுதியவை. நாலு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் பேச வேண்டுமென்றால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். எழுதும்போது தொண்டைக்கு வேலையில்லை என்கிற ஒரே தைரியத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

போன வாரம் கனகம்மாசத்திரத்தில் திருத்தணி பஸ்ஸுக்காக வெகுநேரம் காத்திருந்தேன். பக்கத்தில் யூனிபாரம் போட்ட ஒரு பெண், பன்னிரண்டு வயது இருக்கும், ஒரு படப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். பள்ளிக்கூடம், பெஞ்சு, பிரம்பு, தூங்குகிற வாத்தியார். கோணல் மாணலாக வரைந்திருந்தாலும் உயிரோடு இருந்தது.

"இது நாலாவது பாகம் பாட்டி. ஒவ்வொண்ணா வந்துகினே இருக்குது. இந்த வாத்தியாரு எங்க சார் மாதிரியே இருக்காரு."

"உங்க சார் பார்த்தா திட்டமாட்டாரா?" என்று கேட்டேன்.

"அவரே வாங்கிப் படிச்சுட்டுச் சிரிச்சாரு பாட்டி."

பஸ் வந்தது. எனக்கு ஏறத் தோன்றவில்லை. அடுத்த பஸ்ஸில்தான் ஊருக்குப் போனேன்.

நாங்கள் ஆறு பாகம் போட்டோம். நாங்கள் என்றால் நானும் மங்கம்மாவும். ஐம்பதுகளின் நடுவில், ஏழாவது படிக்கும்போது. அவள் படம், நான் வாசகம். புத்தகத்தின் பெயர் 'ஏழாங்கிளாஸ் கூத்து'. பேப்பர் வாங்க வழியில்லை. கிருத்திகை முடிந்ததும் மலையடிவாரமெல்லாம் ரோஸ் கலர் நோட்டீஸ் பறக்கும். ஒரு பக்கம்தான் அச்சு இருக்கும், முதுகு காலி. அதைப் பொறுக்கி, மடித்து, நூல் போட்டுத் தைத்தால் புத்தகம். ஒன்றுக்குப் பதினாறு பக்கம். வகுப்பில் பெஞ்சு பெஞ்சாகப் போய், கடைசியில் கிழிந்த நூலோடு என்னிடம் திரும்பி வரும். வீட்டில் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைப்பேன்.

மங்கம்மாவின் அப்பா முனுசாமி, குளத்தங்கரை முடிக்கொட்டகையில் வேண்டுதல்காரர்களுக்கு மொட்டையடிக்கிறவர். என் அப்பா மலைமேல் மடைப்பள்ளியில் சமையல். முனுசாமிக்கு அப்போது நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். நான் அவரை "முனுசாமி" என்று பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். அவர் என்னை "வாங்க பாப்பா" என்பார். அது தப்பு என்று அப்போது ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. இப்போது அவர், இவர் என்று எழுதுகிறேன். எழுதி என்ன?

கொட்டகையின் பின்பக்க நிழலில்தான் எங்கள் அச்சாபீஸ். வெந்நீர் ஆவியும் ஈர முடியும் சந்தனமும் கலந்து ஒரு வாசனை வரும். உள்ளே குழந்தைகள் வீல் வீலென்று கத்தும். மொட்டைத் தலைகளுக்குத் தடவி மிஞ்சின சந்தனம் கொட்டாங்குச்சியில் இருக்கும். மங்கம்மா அதைத் தொட்டுத்தான் படங்களுக்குக் கலர் கொடுப்பாள். அதனால் எங்கள் புத்தகத்தைத் திறந்தாலே மணக்கும். வாத்தியார்களை இவ்வளவு வாசனையாகக் கேலி செய்தவர்கள் வேறு யாரும் இருக்க முடியாது.

முதல் புத்தகம் ஆரம்பிக்கும்போதே எனக்கு உதறல். மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்றேன். மங்கம்மா பென்சிலைக் கடித்துக்கொண்டு யோசித்தாள்.

"அல்லாரையும் மொட்டை அடிச்சுடலாம்டி. முடி இருந்தாத்தானே இன்னார்னு தெரியும். நைனா சொல்லும், மொட்டை போட்டுகினு திரும்பினா பொண்டாட்டிக்கே அடையாளம் தெரியறதில்லன்னு."

எனக்கு அது பெரிய யோசனையாகப் பட்டது. வேறு ஊரில் யாரும் இப்படி யோசித்திருக்கமாட்டார்கள். எங்கள் ஊரில் மொட்டைத் தலை ஒரு சேதியே இல்லை. தெருவில் போகிற பத்துப் பேரில் நாலு பேர் மொட்டை. அதனால் எங்கள் புத்தகத்தில் எல்லா வாத்தியாருக்கும் மழமழவென்று மொட்டை, மேலே சந்தனப் பூச்சு. தலையை இப்படி மறைத்துவிட்டு, ஹெட்மாஸ்டர் கையில் அவருடைய கிழிந்த குடையை அப்படியே வரைந்து, கீழே 'ஹெட்மாஸ்டர்' என்று கொட்டை எழுத்தில் நானே எழுதவும் செய்தேன். எங்கள் சாமர்த்தியம் அவ்வளவுதான்.

இரண்டாவது புத்தகத்தில் டிரில் மாஸ்டர் விசிலை முழுங்கிவிடுவார். அவர் மூச்சு விட்டாலே பையன்கள் வரிசையில் நிற்பார்கள். மூன்றாவதில் பூகோள சார் மேப்பில் திருத்தணியைத் தேடுவார். அப்போது ஊர் மெட்ராஸுக்கா ஆந்திராவுக்கா என்று பெரியவர்கள் அடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பள்ளிக்கூடத்திலும் ஒரே ஹாலில் பாதி தமிழ் வகுப்பு, பாதி தெலுங்கு வகுப்பு, நடுவில் ஒரு கரும்பலகை. இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் வாய்ப்பாடு சொன்னால் இரண்டு பக்கமும் தப்பாகும். மங்கம்மா அந்தக் கரும்பலகையின் மேல் பூகோள சாரை ஏற்றிவிட்டாள், இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால். அதைப் பார்த்துத் தெலுங்கு வகுப்பும் சிரித்தது.

நல்ல மார்க்கு வாங்கியதும் அவள்தான். எட்டாவது பாஸ் செய்தால் டீச்சர் டிரெயினிங் போகலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். "டீச்சராயிட்டா என்னையும் பசங்க மொட்டையா வரைவாங்க இல்ல?" என்று சந்தோஷமாகக் கேட்பாள்.

ஆறாவது புத்தகத்தின்போது எனக்குக் கையில் வெல்லப்பாகு கொட்டி விரலெல்லாம் கொப்புளம். நான் சொல்லச் சொல்ல மங்கம்மாவே எழுதினாள். கதை இதுதான்: இன்ஸ்பெக்டர் வருகிறார், ஒரு பையனுக்கும் பதில் தெரியவில்லை, ஹெட்மாஸ்டர் வாளி நிறைய அழுகிறார், அந்தச் சாக்கில் லீவு கிடைத்துப் பையன்கள் குதிக்கிறார்கள். அட்டையிலேயே படம்: மொட்டைத் தலை, குடை, வாளி, குதிக்கிற பையன்கள். தைத்து முடித்து இரண்டு நாள் கழித்து, பள்ளிப்பட்டில் இருந்த ஹெட்மாஸ்டரின் அப்பா இறந்துபோனார். எங்களுக்கு ஒருநாள் லீவு விட்டார்கள். உண்மையாகவே பையன்கள் குதித்தார்கள். புத்தகம் பாட்டுக்குப் பெஞ்சு பெஞ்சாகப் போய்க்கொண்டிருந்தது.

பத்தாம் நாள் காரியத்தைத் திருத்தணிக் குளக்கரையில் செய்தார்கள். ஹெட்மாஸ்டருக்கு மொட்டை போட்டவர் முனுசாமி. அப்போதாவது எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. நாங்கள் பார்த்த ஆயிரம் மொட்டைகளில் அது ஒன்று.

ஹெட்மாஸ்டர் திரும்பப் பள்ளிக்கூடம் வந்த அன்று, ஒரு பையன் பாடப்புத்தகத்துக்குள் வைத்திருந்த கூத்து நழுவி அவர் காலடியில் விழுந்தது. அவர் குனிந்து எடுத்தார். அட்டையை வெகுநேரம் பார்த்தார். அடிக்கிற மனிதர்தான், ஆனால் அன்று பிரம்பைத் தொடவில்லை.

"யார் எழுத்து இது?"

மங்கம்மா எழுந்து நின்றாள். "என்னுது சார்."

"கூட யாரு?"

"யாருமில்ல சார்."

"உங்கப்பன் என் தலையை வழிச்சுட்டு வந்து வீட்டுல சொல்லிச் சிரிச்சானா?"

"இல்ல சார். நைனா ஒண்ணும் சொல்லாது சார். இது அதுக்கு முன்னாடியே வரைஞ்சது. மொதல்லேர்ந்தே அல்லாருக்கும் மொட்டைதான் சார். இன்னும் அஞ்சு புஸ்தகம் இருக்குது."

"எங்கே அது?"

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. "நாளைக்கு எடுத்தாறேன் சார்."

"எடுத்துட்டு வா. பொய்யா இருந்தா உங்கப்பனை வரச் சொல்லு, சர்டிபிகேட்டை வாங்கிக்கிட்டுப் போகட்டும்."

சாயங்காலம் கொல்லைக் கதவுக்கு வெளியே வந்து நின்றாள். அந்தக் கதவைத் தாண்டி அவள் வந்ததில்லை. வா என்று நானும் சொன்னதில்லை.

"ஒண்ணு குட்றி. மொத புஸ்தகம் போதும்."

"அதுல என் கையெழுத்துடி."

"நானே ரெண்டு மாதிரி எழுதுவேன்னு சொல்லிக்கிறேன். உம் பேரு வராது."

"அப்பா உள்ளே இருக்கார். காலம்பற தரேன்."

ஆங் என்று தலையாட்டிவிட்டுப் போனாள். தருவதாகத்தான் அப்போது நினைத்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. நினைத்தேனா என்று எனக்கே தெரியவில்லை.

விடிவதற்கு முன்னால் அப்பாவோடு பூக்கூடை எடுத்துக்கொண்டு நானும் மலையேறினேன். பூவுக்கு அடியில் ஐந்து புத்தகங்கள். மடைப்பள்ளிக்குப் பின்னால் வெளியே வெந்நீர்க் கொப்பரை அடுப்பு இருந்தது. அப்பா அரிசி களைய உள்ளே போனார். ஒவ்வொன்றாக வைத்தேன். ரோஸ் பேப்பர் சுருண்டு எரிந்தது. விசில் முழுங்கின டிரில் மாஸ்டர் கொஞ்ச நேரம் எரியாமல் கிடந்தார். விறகால் தள்ளினேன்.

உள்ளேயிருந்து அப்பா குரல் வந்தது. "என்னடி வாசனை? சந்தனக்கட்டையையா போட்டே அடுப்புல?"

படி இறங்கிவந்தால் அடிவாரத்தில் மங்கம்மா நிற்கிறாள்.

"எங்கடி?"

"அப்பா பார்த்துட்டார். அடுப்புல போட்டுட்டார்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "சரி வுடு" என்றாள்.

பத்து மணிக்கு ஹெட்மாஸ்டர் கேட்டார். அவள் இல்லை சார் என்றாள். ஒரு பையன் போய் முனுசாமியைக் கூட்டிவந்தான். அவர் வாசற்படிக்கு வெளியே, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். அட்டைப் படத்தைக் காட்டியபோது கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

"தப்புதாங்க. கூட்டிகினு பூடறேங்க" என்றார். மகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டு அவள் சொன்னாலும் அங்கே யார் நம்பியிருப்பார்கள் என்று அவருக்குத் தெரியும்.

நான் மூன்றாவது பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். எழுந்து நாலு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தொண்டை அடைத்துக்கொண்டது. இவ்வளவு வருஷமாக எல்லோரிடமும் கூச்ச சுபாவம் என்று சொல்லிவருகிறேன். அதற்கு வேறு பெயர் இருக்கிறது.

பையை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டும்போது மங்கம்மா மெதுவாகக் கேட்டாள்.

"கை ஆறிடுச்சா?"

அதுதான் கடைசிப் பேச்சு. அதற்கப்புறம் நான் கொட்டகைப் பக்கம் போகவில்லை. இரண்டு வருஷத்தில் அவளை ஆர்.கே.பேட்டையில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். முனுசாமியைக் காரியங்களுக்குக் கூப்பிடுவதை எங்கள் தெருக்காரர்கள் நிறுத்தினார்கள். எந்தப் படிப்புக்காக வாயை மூடிக்கொண்டேனோ, அந்தப் படிப்பையும் எட்டாவதோடு அப்பா நிறுத்திவிட்டார். பெண்ணுக்கு இது போதும் என்றார். அப்போதும் நான் ஒன்றும் பேசவில்லை.

இப்போது முடிக்கொட்டகை இருந்த இடத்தில் சிமெண்டு மண்டபம், குழாய் வரிசை. தாளின் காலி முதுகை யாரும் தேடுவதில்லை, நோட்டீஸ் இரண்டு பக்கமும் அச்சாகி வருகிறது. பள்ளிக்கூடத்து ஹாலை இடித்தாகிவிட்டது. ஹெட்மாஸ்டர் இல்லை, முனுசாமி இல்லை, என் அப்பா இல்லை. ஆறாவது புத்தகத்தை ஹெட்மாஸ்டர் என்ன செய்தார் என்று யாருக்கும் தெரியாது. அவள் வரைந்த ஒரு கோடுகூட இந்த உலகத்தில் மிச்சமில்லை. அதில் ஐந்து பங்குக்கு நான் பொறுப்பு.

மங்கம்மா போன மறுநாள் வெள்ளிக்கிழமை. முதல் மணியில் சார் ரிஜிஸ்தரைத் திறந்து, ஸ்கேல் வைத்து ஒரு பெயரைச் சிவப்பு மசியால் அடித்தார். அதற்குக் கீழே இருந்தவர்களுக்கு நம்பரை ஒவ்வொன்று குறைத்து எழுதினார். பிறகு ஆஜர் எடுத்தார். மங்கம்மாவின் நம்பரான முப்பத்தொன்றை அவர் கூப்பிட்டதும் நான் எழுந்து, "ஆஜர் சார்" என்றேன்.