போர்கோ வெக்கியோவில் எட்டு இருக்கைகள்

வெள்ளிக்கிழமை, காலை 10.22. பகேரியா நிலையத்திலிருந்து புகையிரதம் நான்கு நிமிடம் பிந்திப் புறப்பட்டது. பலெர்மோ மத்திய நிலையத்துக்குப் பதினான்கு நிமிடப் பயணம். வலப்பக்கச் சன்னலோரம் கிடைத்தால் பாதி வழிக்குக் கடலைப் பார்க்கலாம். அன்று கடல் அழுத்தி மடித்த துணி போல அசையாமல் கிடந்தது.

நான் மன்னாரிலிருந்து வந்து அது ஒன்பதாம் நாள். என் தம்பி அன்ரன் இங்கே வந்து பதினான்கு ஆண்டுகள். அவன் வேறு இருவருடன் ஓர் அறையில் இருப்பதால், அவனுடைய பங்குக் கோயிலைச் சேர்ந்த ஒரு குடும்பம் பகேரியாவில் எனக்கு இடம் தந்திருந்தது. இடையில் ஊருக்கு வந்து அவன் கட்டிய மனைவி றெஜினாவும் பத்து வயது மகளும் மன்னாரில், எங்களுக்கு அடுத்த வளவில் இருக்கிறார்கள். அவர்களை இங்கே கூப்பிடுவதற்கு அன்ரனிடம் நிரந்தர வேலை ஒப்பந்தம் வேண்டும். அவன் கையில் இருப்பது ஆறு மாதத்துக்கொருமுறை புதுப்பிக்கும் ஒப்பந்தம். அந்தத் தாளோடு வந்தால் விண்ணப்பத்தைத் தொடவே மாட்டேன் என்று வழக்கறிஞர் சொல்லிவிட்டாராம்.

அவன் வேலை செய்வது ஒரு சிறிய சுசிக் கடையில். வினாகிரி கலந்த சோற்றை விரலளவு பிடித்து, அதன்மேல் சமைக்காத மீன் துண்டை வைத்துத் தரும் ஜப்பானிய உணவு அது. ஆறு ஆண்டுகளாக அன்ரன் பின்கட்டில் சோறு ஆக்கினான், மீன் துப்புரவாக்கினான். முன்மேசையில், சாப்பிடுபவர்களின் கண்முன்னே நின்று சுசி பிடிப்பவர் மாத முடிவில் மிலானுக்குப் போகிறார். வெள்ளிக்கிழமை மதியம் அன்ரன் தனியாக நிற்கட்டும், தான் வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று முதலாளி அம்மா சொல்லியிருந்தார். சரிவந்தால் அந்த இடமும் நிரந்தர ஒப்பந்தமும் அவனுக்கு. சரிவராவிட்டால் வெளியிலிருந்து ஆள் வரும்.

அன்றைக்கே நானும் சாப்பிட வருகிறேன் என்றதும் அன்ரன் தலையைச் சொறிந்தான்.

"வாங்கோ அக்கா. ஆனா என்னோடை ஒண்டும் கதைக்காமல் இருந்து சாப்பிடவேணும். ஏலுமோ?"

"ஏலும்."

"நீங்கள் கதைக்காமல் இருந்ததை நான் பிறந்ததிலிருந்து காணேல்லை."

11.07. மத்திய நிலையத்திலிருந்து வியா றோமா வழியாக முப்பத்தொரு நிமிடம் நடந்து பொலிதேயாமாவை அடைந்தேன். கண்ணாடி முகப்புக் கடைகளும் அலுவலகங்களும் நிறைந்த இடம். துறைமுகப் பக்கமாக மூன்று தெரு தாண்டினால் போர்கோ வெக்கியோ, அன்ரனின் கடை இருக்கும் இடம். வீடுகளுக்குக் குறுக்கே கயிறுகளில் சட்டைகள் தொங்குகின்றன. கீழே சிறிய சந்தை. மரக்கறியும் மீனும் ஒரே கூரைத் துணிக்குக் கீழே இருக்கின்றன.

இந்தச் சந்தையில்தான் நான் பிழை விட்டேன். எங்கள் பக்கத்தில் ஒருவர் சமைக்கும் இடத்துக்கு வெறுங்கையோடு போவதில்லை. சமைப்பவர் மீன் அறிந்தவர் என்றால், அன்று விடியற்காலையில் கரைக்கு வந்த மீனை விடப் பெரிய மரியாதை கிடையாது. ரிச்சோலா என்று மீன்காரர் பெயர் சொன்ன ஒரு மீன் கிடந்தது. எங்கள் பாரைக்கு ஒன்றுவிட்ட சகோதரன் போன்ற தோற்றம். செவுளைத் தூக்கிப் பார்த்தேன். நல்ல சிவப்பு. வயிற்றை அழுத்தினேன். குழி விழவில்லை. ஒரு கிலோ முந்நூறு கிராம், இருபத்திரண்டு யூரோ. குடலை எடுத்துத் தாளில் சுற்றித் தந்தார்.

12.30. கடை அகலம் நாலு மீற்றர் இருக்கும். முன்மேசைக்கு எட்டு இருக்கைகள், வேறு மேசை கிடையாது. மதியச் சாப்பாடு பதின்மூன்று யூரோ: எட்டுத் துண்டுகள், ஒரு கிண்ணம் சூப். பொலிதேயாமாவின் பெரிய கடைகளில் இதே விலைக்கு நான்கு துண்டுதான் என்று அன்ரன் சொல்லியிருந்தான். முதலாளி அம்மாவின் பெயர் லின். ஆறு வயதில் சீனாவிலிருந்து வந்தவர். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அவர் பேசுவது அசல் பலெர்மோக்காரி பேசுவது போலவே இருக்கும் என்பான் அன்ரன். வாசலோரம் பணப்பெட்டிக்குப் பின்னால் கைகளைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருந்தார். நான் கடைசி இருக்கையில் அமர்ந்து மீன்பையைக் காலடியில் வைத்தேன்.

12.50க்கு எட்டு இருக்கையும் நிறைந்தன. வங்கி ஊழியர்கள் போலத் தெரிந்த நால்வர், துணிக்கடைப் பெண்கள் இருவர், மூன்றாம் இருக்கையில் எல்லோரும் "புரொபெசொரெஸ்ஸா" என்று மரியாதையாக அழைத்த ஓய்வுபெற்ற ஆசிரியை. வெள்ளிக்கிழமை தவறாமல் வருபவராம்.

அன்ரன் தொடங்கினான். வலது கை சோற்றுப் பாத்திரத்துக்குள் போய் வரும். எடுத்ததில் கொஞ்சத்தைத் திரும்பப் போடுவதோ, இன்னும் கொஞ்சம் சேர்ப்பதோ இல்லை. இடது கையில் மீன் துண்டு. இரண்டும் ஒன்றையொன்று தொட்டதும் மூன்று தரம் அழுத்துவான். ஒரு துண்டுக்குப் பதினொரு வினாடி என்று கணக்கெடுத்தேன். பிறகு கணக்கெடுப்பதை விட்டுவிட்டேன். நாற்பத்தொரு வயது மனிதனின் கை அப்படி அசையும் என்று நான் அறிந்திருக்கவில்லை. அந்தக் கையைப் பிடித்து அவனுக்கு எழுதப் பழக்கியவள் நான்.

முதல் துண்டு என் முன்னே வந்தது. சமைக்காத மீனை என் ஐம்பத்திரண்டு வயதுக்குள் நான் வாயில் வைத்ததில்லை. அது எங்கள் வீட்டில் பூனையின் பங்கு. கண்ணை மூடிக்கொண்டு வைத்தேன். சோறு இளஞ்சூடாக இருந்தது. மீன் குளிர்ந்து இருந்தது. இரண்டும் நாக்கில் ஒன்றாகக் கரைந்தன. கவிச்சி துளியும் இல்லை. மெல்லிய இனிப்பு ஒன்று தொண்டைவரை போனது. மீனைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணம் அந்த இடத்திலேயே போய்விட்டது. இன்று காலை கடலில் நீந்திய மீனாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். அந்த நினைப்பில்தான் கொடுத்த வாக்கை மறந்தேன்.

13.20. பையை எடுத்து முன்மேசையில் வைத்துத் தாளைப் பிரித்தேன்.

"தம்பி, இதையும் வெட்டு. விடியப் பிடிச்சது."

அன்ரனின் கை அந்தரத்தில் நின்றது. "என்ன வேலையக்கா செய்தனீங்கள்!"

அதற்குள் ஆசிரியை எட்டிப் பார்த்து "ரிச்சோலா!" என்றார். தனக்கு இதில் இரண்டு துண்டு வேண்டுமென்று விரலைக் காட்டினார். வங்கிக்காரர்களும் விரல் தூக்கினார்கள். லின் அம்மா தலையை நிமிர்த்தினார். வாய் திறக்கவில்லை.

அன்ரன் இத்தாலிய மொழியில் ஏதோ தணிவாகச் சொன்னான். ஆசிரியை சிரித்தார். அவன் மறுபடி சொன்னான். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. எழுபது ஆண்டுகளாக இந்தக் கடலின் மீனைச் சாப்பிடுகிறேன், நீ எனக்குச் சொல்லித் தருகிறாயா என்று அவர் கேட்டாராம். வெட்டிக் கொடுத்திருந்தால் அந்த நிமிடமே எட்டுப் பேரும் கைதட்டியிருப்பார்கள்.

அவன் மீனைத் தாளோடு தூக்கிப் பின்கட்டுக்குக் கொண்டுபோனான். திறந்த கதவினூடாகத் தெரிந்தது. பொதி செய்து, துண்டுச் சீட்டில் மணி எழுதி ஒட்டி, உறையவைக்கும் பெட்டிக்குள் வைத்தான். முழங்கைவரை கழுவிக்கொண்டு, வேறு பலகையும் வேறு கத்தியும் எடுத்து வந்தான். நான் தாள் விரித்த இடத்தை இரண்டு தரம் துடைத்தான்.

"அக்கா, நீங்கள் இவ்வளவு நேரமும் சாப்பிட்டது மைனஸ் இருபதிலை ஒரு முழுநாள் கிடந்த மீன். பச்சையாக் குடுக்கிறதெண்டால் இஞ்சை அதுதான் சட்டம்."

"கடலாலை வந்த நேரடி மீனுக்கு ஏனடா ஐஸ்?"

"அதுக்குள்ளைதான் புழு இருக்கும். கறியெண்டால் அடுப்பு கொல்லும். இஞ்சை அடுப்பில்லை."

ஆசிரியை கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். அவர் தட்டில் இரண்டு துண்டுகள் மிச்சம் இருந்தன. கதவு சாத்திய சத்தம் கேட்டது. அன்ரன் குனிந்த தலை நிமிராமல் அடுத்த துண்டைப் பிடித்தான். மன்னாரிலிருக்கும் அவன் மகளின் முகம் என் கண்ணுக்குள் நின்றது.

14.45. கடைசி ஆளும் போனபின் லின் அம்மா எழுந்து வந்து, ஆசிரியை விட்டுப்போன மூன்றாம் இருக்கையில் அமர்ந்தார். இரண்டு விரலைக் காட்டினார். அன்ரன் இரண்டு துண்டு பிடித்து வைத்தான். அவர் முதல் துண்டை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டார். இரண்டாவதைப் பார்க்காமலே சாப்பிட்டார். ஆறு ஆண்டுகளில் தன் கையால் பிடித்ததை அவர் வாயில் வைத்து அன்றுதான் பார்த்ததாக அன்ரன் பிறகு சொன்னான்.

அந்த ரிச்சோலா எத்தனை மணிக்கு ஆயத்தமாகும் என்று கேட்டார். நாளை 13.27க்குப் பிறகு என்றான் அன்ரன். அவர் கைபேசியை எடுத்து ஆசிரியைக்கே அழைத்து ஏதோ பேசினார். பிறகு ஆசிரியை சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் சிரித்தார். நாளைக்கு ஒன்றரை மணிக்கு மூன்றாம் இருக்கை ஆசிரியைக்கு என்று அன்ரன் எனக்குச் சொன்னான். லின் அம்மா அன்ரனிடம் சுருக்கமாக ஏதோ சொல்லிவிட்டுப் பணப்பெட்டிக்குப் போய்விட்டார்.

"என்னடா சொன்னவ?"

"திங்கக்கிழமை பெர்மெஸ்ஸோ எண்ட வதிவிட அனுமதியையும் மற்றப் பேப்பர்களையும் கொண்டுவரட்டாம். ஒப்பந்தம் எழுத." துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தான். பணப்பெட்டிக்குப் பின்னாலிருந்து லின் அம்மா இன்னும் ஏதோ கத்தினார். "உங்களையும் நாளைக்குக் கூட்டிக்கொண்டு வரட்டாம். பையைச் சோதிச்சுத்தான் உள்ளை விடுவாவாம்."

மன்னாரில் ஐஸ் மீன் என்றால் விற்காமல் கிடந்த மீன் என்று அர்த்தம். செவுளும் கண்ணும்தான் எங்களுக்குச் சாட்சி. இங்கே மணி எழுதி ஒட்டிய ஒரு துண்டுச் சீட்டை நம்பி, எட்டுப் பேர் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறக்கிறார்கள். அந்தச் சீட்டை எழுதுபவன் என் தம்பி. ஞாயிறு இரவு விமானம் ஏறும்போது நான் இந்த ஊரிலிருந்து கொண்டுபோகும் பெரிய வியப்பு அதுதான்.

15.20. தெருவுக்கு வந்து றெஜினாவுக்கு அழைத்தோம். அங்கே 18.50. அன்ரன் விஷயத்தைச் சொன்னான். உடனே அவள் கைபேசியை என்னிடம் கொடுக்கச் சொன்னாள்.

"மச்சாள், அங்கை மார்கழியிலை எவ்வளவு குளிர்?"

நான் வந்தது மே மாதத்தில். எனக்கு எப்படித் தெரியும்? அன்ரனைப் பார்த்தேன்.

"ஒரு தடிச்ச சட்டை காணும் எண்டு சொல்லுங்கோ," என்றான். பிறகு, "பிள்ளைக்குப் பெரிசா எடுக்கச் சொல்லுங்கோ அக்கா. பேப்பர் எல்லாம் வந்து சேரக்கிடையிலை அவள் வளந்திடுவாள்."