கஜந்தினி வீட்டு டொச்

கஜந்தினிக்கு வயது முப்பத்திரண்டு. கலியாணமாகி ஆறு வருடத்தில் ஜேர்மனியில் இருக்கிற கணவனோடு ஒரே கூரையின்கீழ் இருந்த நாட்களைக் கூட்டினால் மூன்று மாதம் தேறாது. காலையில் கோழிக்கூட்டைத் திறக்கும்போதே அவளுக்கு டொச் தொடங்கிவிடுகிறது. "குட்டன் மோர்கன்" என்று கோழிகளுக்கு வணக்கம் சொல்கிறாள். கோழிகள் பொருட்படுத்துவதில்லை. கிணற்றடியில் பிரஷோடு நிற்கிற நான்கு வயது மகள் ஆரணி, வாயில் நுரை ஒழுக, "குட்டன் மோர்கன், மாமா" என்கிறாள்.

டொச்சில் தாயை மாமா என்றுதான் கூப்பிடுவார்களாம். பக்கத்து வளவுப் பத்மாசினி அக்காவுக்கு இது பிடிபடவே இல்லை. "எடியே, அது மாமா இல்லையடி, உன்ரை கொம்மா!" என்று மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துத் திருத்துகிறாள். மழை இருட்டினால், "என்ன ஜேர்மன்காரி, உங்கடை நாட்டிலையும் இண்டைக்கு மழையோ?" என்று கேட்பாள். ஆரணி சிரிப்பாள். பிறகு கோழிகளிடம் ஓடிவிடுவாள்.

ஜேர்மன் மொழிக்கு நெல்லியடியில் டொச் என்றுதான் பெயர். சந்தியில் ஒரு இரும்புக்கடைக்கு மேல்மாடியில் வகுப்பு நடக்கிறது. மாணவிகள் எல்லோரும் கலியாணம் முடித்தவர்கள்; ஒருத்திக்கும் புருசன் பக்கத்தில் இல்லை. மனைவிக்கு விசா வேண்டுமென்றால் அவள் முதல்நிலைப் பரீட்சையில் சித்தியடைந்த சான்றிதழைக் காட்டவேண்டும். படிப்பிக்கிற இராசநாயகம் மாஸ்டர் இருபது வருடம் ஜேர்மனியில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். "பிள்ளையள், டொச்சும் நாதஸ்வரமும் ஒண்டு. கன்னம் நோகவேணும். நோகேல்லை எண்டால் நீங்கள் கதைக்கிறது தமிழ்" என்பார். மேல்மாடி முழுக்கச் சிரிக்கும்.

கஜந்தினி இரண்டு தடவை பரீட்சை எழுதிவிட்டாள். எழுத்தில் குறையில்லை. எதிரே ஒருவர் இருந்து கேள்வி கேட்டால் படித்த சொல் ஒன்றும் வாயில் வருவதில்லை. இரண்டாம் முறையும் தோற்று வந்த அன்று மாஸ்டர் யோசனை சொன்னார். "புத்தகத்தை மூடி வை, பிள்ளை. வீட்டிலை ஆரோடையாவது கதைச்சுப் பழகு." வீட்டில் இருந்தது ஆரணி மட்டும்தான். அப்போது அவளுக்கு இரண்டரை வயது. "ஏன், எதுக்கு, இதென்ன" என்று நாள் முழுக்கத் தமிழில் அலட்டிக்கொண்டு திரிந்த பிள்ளை.

ஆரம்பத்தில் சமையலறையில் மட்டும் டொச் என்றுதான் வைத்திருந்தாள். அதற்குள், ஜேர்மனியில் டோர்ட்முண்ட் நகருக்குப் போன சிநேகிதி ஒருத்தி போனில் ஒரு கதை சொன்னாள். அவளுடைய மகன் அங்கே பாலர் பள்ளியில் ஆறு மாதம் வாய் திறக்காமல் ஒரு மூலையில் நின்றானாம். அன்றிலிருந்து வீடு முழுக்க டொச். "அங்கை போய் என்ரை பிள்ளை ஊமை மாதிரி நிக்கக்கூடாது" என்கிறாள் கஜந்தினி. இதைச் சொல்லும்போது அவளுடைய குரல் மட்டும் நல்ல தடிப்பான வடமராட்சித் தமிழில் இருக்கிறது.

அவள் பிள்ளையை அடிப்பதில்லை, அதட்டுவதும் இல்லை. ஆரணி தமிழில் வாய் திறந்தால், குனிந்து தன் சுட்டுவிரலைப் பிள்ளையின் உதட்டில் வைப்பாள். அவ்வளவுதான். பூவைத் தொடுவதுபோலத் தொடுவாள். பிறகு டொச்சில் அதற்குரிய சொல்லைச் சொல்லிக் கொடுப்பாள், தெரிந்தால். தெரியாவிட்டால் விரலை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

தெரியாத இடங்கள்தான் கூடுதல். மேல்மாடியில் படித்த டொச்சில் ரயில் ரிக்கெட் வாங்கலாம், ஒரு கிலோ அப்பிள் கேட்கலாம், தபாற்கந்தோருக்கு வழி விசாரிக்கலாம். பிள்ளையைக் கொஞ்ச முடியாது. மரவட்டை சுருண்டதைக் காட்டி ஆரணி துள்ளியபோது, கஜந்தினி புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அது நல்லது" என்று மட்டும் டொச்சில் சொன்னாள். படுக்கும்போது கதை கேட்டால் பரீட்சைக்குப் பாடமாக்கிய சுய அறிமுகத்தைத் தாளம் போட்டுச் சொல்லுவாள்: என் பெயர் இது, என் வயது இது, நான் இலங்கையிலிருந்து வருகிறேன். ஆரணி அதைக் கேட்டபடியே தூங்கிப் போவாள்.

முன்பள்ளிச் சுவர்ணா ரீச்சர் ஒருநாள் மத்தியானம் படலையடியில் மறித்தாள்.

"கஜந்தினி, குறை நினையாதைங்கோ. பிள்ளைக்குக் காது கேக்குதோ?"

"ஏன் ரீச்சர்? நல்லாக் கேக்கும்."

"எல்லாம் விளங்குது. நில் எண்டால் நிக்கிறா, இரு எண்டால் இருக்கிறா. வாய் மட்டும் திறக்கிறாவில்லை. முதல் கிழமை என்ரை சீலையைப் பிடிச்சு இழுத்து என்னவோ கேட்டவ. எனக்கு விளங்கேல்லை. அதுக்குப் பிறகு ஒண்டும் கேக்கிறதில்லை."

கஜந்தினி பையை வாங்கிப் பார்த்தாள். தண்ணீர்ப் போத்தல் காலையில் நிரப்பிக் கொடுத்தபடியே இருந்தது. அது ஒவ்வொரு நாளும் அப்படித்தான் திரும்பி வந்திருக்கிறது. பிள்ளை வீட்டிலேயே குடித்துவிட்டுப் போவதால் தாகமில்லை என்று அவள் நினைத்திருந்தாள். முன்பள்ளியில் போத்தல் அலுமாரிக்கு மேலே வைக்கப்படும், பிள்ளைக்கு எட்டாது, கேட்டால் ரீச்சர் எடுத்துக் கொடுப்பாள். மூலையில் நின்ற சிநேகிதியின் மகன் நினைவுக்கு வந்தான். மறுநாள் கழுத்தில் மாட்டுகிற போத்தல் ஒன்று வாங்கிக் கொடுத்தாள். டொச் நிற்கவில்லை. "இன்னும் கொஞ்ச நாள்தானே ரீச்சர். விசா வந்திட்டால் எல்லாம் சரி வந்திடும்."

ஞாயிற்றுக்கிழமைகளில் கணவன் ஜெயதீபன் ஜேர்மனியிலிருந்து வீடியோவில் வருவான். உணவகக் குசினியில் வேலை. பின்னால் பெரிய சட்டிகள் தெரியும். ஆரணி கதிரையில் ஏறி நின்று தன் பெயர், வயது, ஊர் எல்லாவற்றையும் ஒரு மூச்சில் ஒப்புவிப்பாள். முன்பெல்லாம் கைதட்டுவான். போன தடவை தட்டவில்லை.

"ஆரணி, அப்பா எண்டு ஒருக்காச் சொல்லு, குஞ்சு."

"பாபா."

"அப்பா எண்டு சொல்லணை."

பிள்ளை தாயைப் பார்த்தது. கஜந்தினி, "ஏனப்பா குழப்புறியள்?" என்றாள்.

"நீர் விளங்காமல் செய்யிறீர், கஜந்தி. இஞ்சை விடிஞ்சால் பொழுதுபட்டால் உந்தப் பாஷைதான். பேச்சு வாங்கிறதும் அதிலைதான். வீட்டுக்குப் போன் எடுத்தால் எண்டாலும் ரெண்டு வார்த்தை தமிழ் கேப்பம் எண்டு பாக்கிறன். என்ரை பிள்ளையும் கஸ்ரமர் மாதிரிக் கதைக்குது."

"அப்ப நான் ஆருக்காகப்பா இந்தப் பாடு படுறன்?" என்று கேட்டாள் கஜந்தினி. யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். திரை இருண்டது.

போன வியாழன் விடிய ஆரணிக்குக் காய்ச்சல். உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. பாலைத் தட்டிவிட்டுச் சுருண்டு கிடந்து அனுங்கினாள். பத்மாசினி அக்கா ஆட்டோ பிடித்துக் கொடுத்தாள். தனியார் மருத்துவமனையில் இருந்தவர் இளம் பெண் டொக்டர். பிள்ளையைத் தாயின் மடியில் இருத்தி, "எங்கை செல்லம் நோகுது? எனக்குச் சொல்லுங்கோ" என்றார்.

ஆரணி தாயின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"பிள்ளை கதைக்காதோ?"

"கதைப்பாள், டொக்டர். டொச் கதைப்பாள்."

டொக்டர் ஒரு கணம் கஜந்தினியைப் பார்த்தார். "அப்ப அதிலை கேளுங்கோ."

மேல்மாடி வகுப்பில் உடலுறுப்புகள் படித்ததுதான். கஜந்தினி தலையைச் சொல்லிக் கேட்டாள். "யா" என்றாள் ஆரணி, ஆம் என்று. வயிற்றைச் சொல்லிக் கேட்டாள். யா. கையா? யா. காலா? யா. எதைக் கேட்டாலும் யா. அந்தச் சொல்லுக்குத்தான் தாயின் முகம் எப்போதும் மலரும் என்பது பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, யா, யா என்றுகொண்டிருந்தாள்.

கஜந்தினியால் அதற்குமேல் ஏலவில்லை. பிள்ளையை இறுக்கிப் பிடித்து, "என்ரை குஞ்செல்லே, எங்கையணை நோகுது? அம்மாட்டைச் சொல்லணை" என்றாள். வீடு முழுக்க டொச் ஆன பிறகு அந்தப் பிள்ளையோடு அவள் கதைத்த முதல் தமிழ் அது.

ஆரணி அழுகையை நிறுத்தினாள். டொக்டரைத் திரும்பிப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள். பிறகு தன் சின்னச் சுட்டுவிரலை எடுத்துத் தாயின் உதட்டின்மேல் மெல்ல வைத்தாள்.

டொக்டர் சின்ன லைற்றை அடித்துத் தானே தேடிப் பார்த்தார். வலது காதுக்குள் சீழ் கட்டியிருந்தது. வருகிற செவ்வாய்க்கிழமை கொழும்பில் கஜந்தினிக்கு மூன்றாவது தடவையாகப் பரீட்சை. திங்கள் பின்னேரம் நெல்லியடியில் பஸ் ஏறுகிறாள்; ஆரணி பத்மாசினி அக்கா வீட்டில் நிற்பாள்.