வடக்குச் சுவர் தின்ற மஞ்சள் மாத்திரை

ஆள் ஒல்லி, நெடுநெடுவென்று உயரம். பெயிண்டர்கள் எல்லோரும் அவரை 'ஏணி' என்றே கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. முப்பத்திரண்டு வருஷமாக அடுக்குமாடிக் கட்டடங்களின் வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடித்து வந்தார். கயிற்றில் தொங்கும் பலகையில் உட்கார்ந்து, பத்தாவது மாடி உயரத்தில், ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி உருளையை ஓட்டுவார். அறைக்குள் அடிக்கும் வேலைக்குக் கூப்பிட்டால் மூச்சு முட்டுகிறது என்று நழுவிவிடுவார். கீழே நின்று பெயிண்ட் கலக்கித் தருகிறவர்களை அவர் ஒரு ஆளாகவே மதித்ததில்லை. கரண்டி பிடிக்கிற வேலை என்று கேலி வேறு. அந்த வாய்க்கொழுப்புக்கு அப்புறம் வருவோம்.

ஐம்பத்தைந்து வயதில் அவருடைய கெண்டைக்கால் சதை பிடித்து இழுக்க ஆரம்பித்தது. முதலில் படுக்கையில், பிறகு பேருந்துக்கு நிற்கையில், கடைசியில் எட்டாவது மாடி உயரத்தில். கால் கட்டையாக விறைத்துக்கொள்ள, கயிற்றைக் கட்டிப்பிடித்தபடி கால் மணி நேரம் அசையாமல் இருந்தார். உருளை மட்டும் கீழே போய் விழுந்தது. இறங்கியதும் மேஸ்திரி தனியே அழைத்து, அவரை விடச் சின்னவர் என்பதால் மரியாதையாகவே சொன்னார்:

"அண்ணே, இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா உங்களை மேலே ஏத்த மாட்டேன். கோவிச்சுக்காதீங்க."

மேலே ஏறாத ஏணியை எவன் ஏணி என்பான்?

அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற பகுதியில் வேலை. மறுநாளே அவரை அங்கிருந்த டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். ரத்தத்தைப் பரிசோதித்த டாக்டரம்மா, சுண்ணாம்புச் சத்தும் கொஞ்சம் குறைவு, மெக்னீசியமும் குறைவு என்றார். ஒன்று சதையை இறுக்குவது, மற்றது தளர்த்துவது. இரண்டும் சேர்ந்து போனால்தான் கால் சொன்னபடி கேட்கும் என்று பொறுமையாக விளக்கினார். காலையில் சாப்பிட்டதும் சுண்ணாம்புச் சத்துக்கு ஒரு வெள்ளை மாத்திரை, மதியம் சாப்பிட்டதும் மெக்னீசியத்துக்கு ஒரு மஞ்சள் மாத்திரை. கூடவே கீரை, வேர்க்கடலை, பூசணி விதை. ஏணி பள்ளிப் பிள்ளை மாதிரி தலையாட்டினார்.

வெள்ளை மாத்திரையில் சிக்கல் இல்லை. மஞ்சளில்தான் வந்தது வினை. அது வயிற்றை இளக்கிவிட்டது. வீட்டில் இருப்பவனுக்கு அது ஒரு தொல்லையே இல்லை. ஏழாவது மாடி உயரத்தில் பலகையில் தொங்குகிறவன் எங்கே போவான்? மூன்றாம் நாள் மதியம் அவர் மேலிருந்து கையை ஆட்டோ ஆட்டென்று ஆட்ட, கீழே இருந்தவர்கள் டாட்டா காட்டுகிறார் என்று நினைத்துப் பதிலுக்குக் கையாட்டினார்கள். விஷயம் புரிந்து பலகையை இறக்கியதும் அவர் ஓடிய ஓட்டத்தைச் சொல்லிச் சொல்லி வாரம் முழுக்கச் சிரித்தார்கள். மேஸ்திரிகூடச் சிரித்தார். பொறுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் சொல்லியிருந்தால் அளவைக் குறைத்திருப்பார். ஆனால் இந்தச் சங்கதியை ஒரு பெண்ணிடம் போய் எப்படிச் சொல்வது என்று வெட்கப்பட்டார் அந்த மனிதர்.

அன்றோடு மஞ்சள் மாத்திரை நின்றது. மனைவி தினமும் அதைச் சின்ன டப்பாவில் போட்டுச் சோற்றுப் பாத்திரத்தோடு அனுப்புவாள். இவர் அதைப் பெயிண்ட் வாளியில் போட்டு, கரைகிறவரை கலக்கி, சுவரில் அடித்துவிடுவார். தூக்கி எறிந்தால் யாராவது பார்த்து வீட்டில் சொல்லிவிடுவார்களாம். அப்போது அடித்துக்கொண்டிருந்த கட்டடத்து வடக்குச் சுவருக்கு மெக்னீசியக் குறைவே கிடையாது. கீரையும் விதையும் பக்கத்தில் உட்கார்ந்தவர் தட்டுக்குப் போயின. நான் என்ன ஆடா, கிளியா என்பார்.

ஒன்றை விட்டதற்கு ஈடாக மற்றதைக் கூட்டினார். பெயிண்டர் புத்தி அப்படித்தான் போகும். ஒரு கோட்டு, அதாவது ஒரு பூச்சு, அடித்தால் திட்டுத் திட்டாகத் தெரியும், ரெண்டு கோட்டு அடித்தால்தான் நிற்கும் என்பது அவர் தொழில் பாடம். ஆகவே கடையில் தானாக வாங்கி வெள்ளை மாத்திரையை இரண்டாக்கினார், அப்புறம் நாலாக்கினார். நெஞ்சு எரிந்தபோது சப்பிச் சாப்பிடும் மாத்திரையை மிட்டாய் போல அள்ளிப் போட்டார். அதுவும் அதே சுண்ணாம்புச் சத்துதான் என்பது அவருக்குத் தெரியாது. மலம் இறுகியது. மேலே தொங்குகிறவனுக்கு இதைவிட வசதி ஏது என்று சந்தோஷப்பட்டார். எனக்கு இந்த இடத்தில் அவர் மேல் கோபம்தான் வருகிறது.

ஏழெட்டு மாதம் ஓடியது. கால் இழுப்பு நிற்கவில்லை, கூடத்தான் செய்தது. அடங்காத தாகம், வாய்க்குள் போனதெல்லாம் குமட்டல். ஒரு நாள் காலையில் பலகையில் ஏறி உட்கார்ந்தவருக்கு முடிச்சு போடத் தெரியவில்லை. முப்பத்திரண்டு வருஷமாகப் போட்ட முடிச்சு. கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார். மேஸ்திரியே கைத்தாங்கலாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்.

சலைன் ஏற்றி நாலு நாளில் தெளிவு வந்தது. ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து தலைக்கு மேல் இருந்தது, மெக்னீசியம் அடிமட்டத்தில். டாக்டரம்மா கேட்கக் கேட்க ஏணி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். பெயிண்ட் வாளியையும் மறைக்கவில்லை. கட்டில் ஓரம் நின்ற மனைவி போர்வையை இழுத்து அவர் காலை மூடினாள்.

"அடியில பிரைமர் அடிக்காம மேலே பெயிண்ட் அடிச்சிட்டேம்மா," என்றார் டாக்டரம்மாவிடம். "அடுத்தவன் பண்ணா கத்துவேன், நானே பண்ணிட்டேன். இனி மஞ்சளை ஒழுங்கா சாப்பிடுறேன். கால் சரியாயிட்டா மேலே ஏறிடலாம்ல?"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இனிமே அது முடியாதுங்க. உங்க கிட்னி ரெண்டும் பாதிக்கு மேல கெட்டுப்போச்சு. மெக்னீசியம் ஏத்துனா அதை வெளியே தள்ள உங்க உடம்பால ஆகாது. வெள்ளையும் வேணாம், மஞ்சளும் வேணாம். கீரை, கடலைகூட நான் சொல்ற அளவுதான்."

உயரத்தில் வேலை கூடவே கூடாது என்றும் சொல்லிவிட்டார். கிட்னி பழையபடி திரும்புமா என்று மனைவி கேட்டாள். இருப்பதைக் காப்பாற்றப் பார்ப்போம் என்பதுதான் பதில்.

வீட்டுக்கு வந்ததும் அவள் அடுக்களை அலமாரியில் இருந்த பூசணி விதை, வேர்க்கடலை டப்பாக்களை எடுத்துப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். திட்டியிருந்தாலாவது அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மேஸ்திரி நல்ல மனுஷர், வேலையை விட்டு அனுப்பவில்லை. கீழே ஒரு முக்காலி போட்டு, பெயிண்ட் கலக்குகிற வேலையைக் கொடுத்தார். இப்போது கரண்டி ஏணியின் கையில். கூப்பிடுகிற பெயரையும் யாரும் மாற்றவில்லை. அதுதான் அவருக்கு அதிகம் வலித்தது.

இரண்டு மாதம் கழித்துப் பரிசோதனைக்குப் போனார்கள். கிட்னி வேலை செய்கிற அளவு இன்னும் இறங்கியிருந்தது. திரும்பும் வழியில் பேருந்து சிக்னலில் நிற்க, ஜன்னலுக்கு வெளியே அவர் அப்போது வேலை பார்த்த அந்தக் கட்டடம்.

"எந்தச் சுவருங்க?" என்று கேட்டாள் மனைவி. எதைக் கேட்கிறாள் என்று அவருக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. விரலை நீட்டி வடக்குப் பக்கத்தைக் காட்டினார்.

சிக்னல் விழும்வரை அவள் அந்தச் சுவரை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். ஒரு மழைக்காலம் போயிருந்தது. எங்கும் உரியவில்லை, ஒரு வெடிப்பு இல்லை.

"நல்லாத்தான் நிக்குது," என்றாள்.