விஜயலெட்சுமியின் சாட்சி

ஜெபவீட்டில் சாட்சி சொல்வதற்கு ஒரு முறை இருக்கிறது. எழுந்து நிற்க வேண்டும். முக்காட்டைச் சரிசெய்துகொள்ள வேண்டும். பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். கடைசியில் "கர்த்தர் நல்லவர்" என்று முடிக்க வேண்டும். உடனே கூட்டம் முழுக்க "அல்லேலூயா" என்று குரல் எடுக்கும். மாட்டுக்கு நோவு, மகனுக்கு வேலை, புருஷனின் குடி, எதுவானாலும் சரி, முடிவு அதுதான். அதை மாற்றிச் சொன்னவர்கள் கிடையாது.

இந்த முறையில் விஜயலெட்சுமியை மிஞ்ச ஆள் இல்லை. தெமோதரைக்கு மேலே, மலைச்சரிவில் தொற்றிக்கொண்டிருந்த ஒரு தேயிலைத் தோட்டப் பிரிவில் கொழுந்து பறித்தவள் அவள். மகள் தயானிக்குச் சின்ன வயதில் வலிப்பு வந்தது. பதுளை ஆஸ்பத்திரிக்கும் கோடாங்கி வீட்டுக்குமாக அலைந்து ஓய்ந்துபோன நேரத்தில், ரோட்டோர ஜெபவீட்டுப் பாஸ்டர் ஜெயரூபன் பிள்ளையின் தலையில் கைவைத்து ஜெபித்தார். வலிப்பு நின்றது. மருந்தால் நின்றதா, ஜெபத்தால் நின்றதா என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கட்டும். பெற்றவளுக்கு நின்றதே போதும். ஞானஸ்நானம் எடுத்தாள். வளர்ந்ததும் மகளும் எடுத்தாள். புருஷன் கந்தப்பன் மட்டும், "நீங்க போங்க. வீட்டுக்கு ஒரு ஆளு மாரியாத்தாகிட்டயும் வேணும்ல," என்று சிரித்துவிட்டு ஒதுங்கிக்கொண்டான்.

வருஷா வருஷம் அந்த வலிப்பைத்தான் விஜயலெட்சுமி சாட்சியாகச் சொல்வாள். கொழுந்துக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பராவில் தயானி வேலைக்குச் சேர்ந்த பிறகும் விடவில்லை. "இன்னும் எத்தன வருசத்துக்கும்மா என்னைய நோயாளியாவே வச்சிருப்ப? அப்பறம் எவன் என்னையக் கட்டுவான்?" என்று மகள் கேலி செய்வாள். இவள் செல்லமாக ஒரு அடி போடுவாள். நன்றாகத்தான் இருந்தார்கள், சும்மா சொல்லக்கூடாது.

ஞானஸ்நானத்தின்போது மனதுக்குள் ஒரு பொருத்தனை செய்திருந்தாள். மேட்டில் இருக்கும் மாரியம்மன் கோயில் வாசலை இனி மிதிப்பதில்லை. பாஸ்டரும் பிரசங்கத்தில் அதைத்தான் சொல்வார்: விட்டு வந்த வாசலுக்குள் திரும்பக் கால் வைக்கிறவன் ஆண்டவரைக் கைவிட்டவன். கொழுந்தன் கல்யாணம் அந்தக் கோயில் மண்டபத்தில் நடந்தபோது, வெளியில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்று, மாப்பிள்ளையையும் பெண்ணையும் வாசலில் வைத்துப் பார்த்துவிட்டு வந்தவள் அவள். சனம் என்னவெல்லாமோ பேசியது. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அப்புறம் அந்த மழை வந்தது. நாள் கணக்காக விடாமல் அடித்தது. மீரியபெத்தையில் மலை சரிந்து, தோட்டத்து வரிசை வீடுகளான லயங்கள் மண்ணுக்குள் போன கதை அந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதனால், அதிகாரிகள் ஜீப்பில் ஒலிபெருக்கி வைத்து, எல்லோரும் கோயில் மண்டபத்துக்குப் போங்கள் என்று சொன்னதும் சனம் பாயைச் சுருட்டிக்கொண்டு மேடேறிவிட்டது. பாறைமேல் நின்ற ஒரே கல்கட்டடம் அதுதான். லயத்தில் பக்கத்துக் காம்பராவில் நடக்கமாட்டாமல் கிடந்த இராமையாவைக் கந்தப்பன் முதுகில் தூக்கிக்கொண்டான். "தயானியையும் கூட்டிக்கிட்டு பின்னாலேயே வா புள்ள," என்று சொல்லிவிட்டுப் போனான்.

விஜயலெட்சுமி போகவில்லை. காம்பரா வாசலில் நின்று மேட்டையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். தயானி பையைக் கட்டி முடித்திருந்தாள்.

"எம்மா, சாமி கும்பிடவா போறோம்? படுத்து எந்திரிக்கத்தானே போறோம்?"

"ஆண்டவருக்குக் குடுத்த வாக்குடி. பாஸ்டர் ஐயாகிட்ட ஒரு வார்த்த கேட்டுர்றேன்."

போன் எடுக்கவில்லை. மின்சாரமும் இல்லை, போன் கோபுரமும் செத்துக் கிடந்தது. "ஓடிப்போயிட்டு ஓடியாந்துர்றேன். நான் வர்ற வரைக்கும் நீ இங்கேருந்து நகரக்கூடாது, சொல்லிட்டேன்," என்றாள். ஐயோ, அந்த வார்த்தையை அப்படியே விழுங்கியிருக்கக்கூடாதா!

குறுக்குப் பாதையில் சறுக்கிச் சறுக்கி இறங்கி ரோட்டுக்கு வந்தாள். பாஸ்டர் ஜெயரூபன் வீட்டுக்குள் வந்த தண்ணீரை அள்ளி வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார். இவள் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. "என்னக்கா இது, இதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க? உசுரு முக்கியம்க்கா. போங்க, புள்ளயக் கூட்டிக்கிட்டு மேல போங்க. ஆண்டவர் ஒண்ணும் நெனைக்க மாட்டாரு," என்றார்.

அனுமதி கிடைத்துவிட்டது. மனசு லேசாகி மேலே ஓடினாள். பாதி தூரத்தில் பூமி உறுமுவது காலில் தெரிந்தது. வளைவு திரும்பினால் லயம் இல்லை. லயம் இருந்த இடமும் இல்லை. தேயிலைச் செடிகள் வேரோடு செந்நிறச் சேற்றில் மிதந்து போய்க்கொண்டிருந்தன. மேட்டில் கோயில் மட்டும் நின்றது.

தயானியைத் தோண்டி எடுத்தபோது பை தோளில் மாட்டியபடியே இருந்தது. காலில் செருப்பு இருந்தது. வீட்டுக்குள் செருப்புப் போடாத பிள்ளை. அம்மா வந்ததும் கிளம்பிவிட வேண்டும் என்று தயாராக நின்றிருக்கிறாள். நகரவில்லை.

அடக்கத்தில் பாஸ்டர் பேசினார். ஆண்டவருக்குத் தெரியாமல் ஒரு இலைகூட உதிராது, இது தேவ சித்தம், இந்தத் தீமைக்குள்ளும் ஒரு நோக்கம் உண்டு, இன்றைக்குப் புரியாது, ஒருநாள் புரியும் என்றார். கந்தப்பன் மண்ணைப் பார்த்துக்கொண்டு, "விதி, வேற என்ன," என்றான். விசாரிக்க வந்த அதிகாரி இயற்கை அனர்த்தம் என்றார். விஜயலெட்சுமி எல்லோரிடமும் ஒன்றையே சொன்னாள்: "நான்தான் நகராதேன்னு சொன்னேன்." யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. அழுகிறவளைத் தேற்றுவதாக நினைத்து, ஆளாளுக்கு அவள் கையில் இருந்ததைப் பிடுங்கி ஆண்டவர் தலையிலோ விதியின் தலையிலோ கட்டினார்கள். அவளுக்கு அது பற்றிக்கொண்டு வந்தது.

பிழைத்தவர்களைப் பழைய தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் கொண்டுபோய் வைத்தார்கள். பலகையால் மறைத்துக் குடும்பத்துக்கு ஒரு மூலை. விஜயலெட்சுமி ஞாயிறு தவறாமல் ஜெபவீட்டுக்குப் போனாள், உட்கார்ந்தாள், வந்தாள். பாட வாய் திறக்கவில்லை. ஜெபிக்கவும் வரவில்லை. ஆண்டவர் இல்லை என்று நினைத்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். இருக்கிறார் என்று தெரிந்ததுதான் அவள் தொல்லை. வலிப்பை நிறுத்தத் தெரிந்தவருக்கு மலையை நிறுத்தத் தெரியாதா? ஒரு அரை நாழிகை பிடித்து வைத்திருந்தால் போதுமே!

வருஷம் திரும்பும் நேரத்தில் பாஸ்டர் ஸ்டோருக்கு வந்தார். நினைவுக் கூடுகையில் அவள் சாட்சி சொல்ல வேண்டும் என்றார்.

"உங்கள அந்த நேரத்துல எங்கிட்ட அனுப்பிக் காப்பாத்துனது அவருதான்க்கா. அதச் சொல்லுங்க. பறிகொடுத்தவுங்க நெறைய பேரு இருக்காங்க. நீங்க சொன்னா அவுங்களுக்கு ஒரு தெம்பு."

"என்னைய அனுப்புனவரு அவளையும் அனுப்பியிருக்கலாம்ல ஐயா?"

"அவரு சித்தத்த நாம கேக்க முடியுமாக்கா? வேதத்துல பத்துப் புள்ளயையும் பறிகொடுத்த மனுசன் இல்லையா? கடைசில மறுபடி பத்துப் புள்ள குடுத்தாரே."

"குடுத்தாரு," என்றாள். "மொத பத்தும் எங்க ஐயா?"

பாஸ்டரைப் பார்க்கவும் பாவமாகத்தான் இருந்தது. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், ஆளே பாதியாகியிருந்தார். எல்லாம் தேவ சித்தம் என்று அவர் சொல்கிற ஒவ்வொரு தடவையும் அந்த வாசலை மிதிக்காதே என்ற தன் பிரசங்கத்தைத்தான் மூடி மூடிப் புதைக்கிறார் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. சொல்கிறேன் என்று ஒத்துக்கொண்டாள்.

கூடுகையன்று ஜெபவீடு நிரம்பி வழிந்தது. கந்தப்பனும் வந்தான், உள்ளே வராமல் வாசல் படியில் உட்கார்ந்தான். விஜயலெட்சுமி எழுந்தாள். முக்காட்டைச் சரிசெய்தாள்.

"எம்மகள ஆண்டவர் எடுத்துக்கிட்டாருன்னு சொல்றீங்க. மனசாரச் சொல்றீங்க, தெரியும். ஆனா நகராதேன்னு சொன்னது அவரு இல்ல, நான். அந்த வாசல மிதிக்காதீங்கன்னு சொன்னதும் அவரு இல்ல, நம்ம ஐயா. நாம ரெண்டு பேரும் செஞ்சத அவரு தலையில கட்டி, அவரு சித்தம்னு சொல்லிக் கைகழுவக்கூடாது. எங்குத்தத்த யாரும் எங்கிட்டேருந்து எடுத்துராதீங்க. அது எம்புள்ளைக்கு நான் குடுக்க வேண்டிய மரியாத."

கூரையைப் பார்த்தாள்.

"உங்களையும் நான் விடமாட்டேன். எல்லாம் உங்க கையிலன்னா, அப்ப நீங்க என்னத்தப் பாத்துக்கிட்டு இருந்தீங்க? நான் முட்டாத்தனமா ஓடுனேன். நீங்க கண்ணு முழிச்சுத்தானே இருந்தீங்க? எம்புள்ள செருப்ப மாட்டிக்கிட்டு நின்னாளே, பாத்தீங்களா இல்லையா? நோக்கம் இருக்குன்னா எங்கிட்டச் சொல்லுங்க. பெத்தவகிட்டச் சொல்லுங்க. ஒருநாள் புரியும்னு சொல்லி ஏமாத்தாதீங்க."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாள். கர்த்தர் நல்லவர் என்று முடிக்கவில்லை. அல்லேலூயா சொல்லத் தயாராக இருந்த கூட்டம் வாயடைத்துப் போயிருந்தது. பாஸ்டர் ஜெயரூபன் மேடையில் ஏறவில்லை. அப்படியே மண்டியிட்டுத் தரையில் நெற்றியை வைத்தார்; அவர் தோள் குலுங்குவதை எல்லோரும் பார்த்தார்கள். ஆராதனையை யாரும் முடித்து வைக்கவில்லை. ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

திரும்பும் வழியில் கந்தப்பன் முன்னால் நடந்தான். மாரியம்மன் கோயிலுக்குப் பாதை பிரியும் இடம் வந்ததும் நின்றான். மகள் போனதிலிருந்து அவனும் அந்தப் படியை மிதிக்கவில்லை. இத்தனை நாள் விதி, விதி என்று சொன்ன மனுஷன்.

"நகராதேன்னா சொன்ன?" என்று கேட்டான். அவள் நூறு தடவை சொல்லியிருக்கிறாள். அவன் இன்றைக்குத்தான் கேட்டிருக்கிறான்.

"ஆமாங்க."

அவன் அப்படியே பாதையோரத்தில் குந்தி, வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். அவள் தொடவில்லை. தொட உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. வெகுநேரம் கழித்து முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"ஒன்னைய நான் என்ன செய்யுறதுன்னு எனக்குத் தெரியல புள்ள," என்றான். பிறகு கேட்டான்: "ஒங்க சாமி பதில் ஏதும் சொல்லுச்சா?"

"இல்லங்க."

"விடாத. அடுத்த வாரமும் போயி கேளு," என்றான் கந்தப்பன். "எனக்கும் சேத்துக் கேளு."