அரை டயர்

எங்கள் கட்டிங் மாஸ்டருக்குக் ‘கோடு மாஸ்டர்’ என்று பெயர் வைத்தவன் நான்தான். சீருடை தைக்கும் தொழிற்சாலையில் துணி வெட்டும் மேசை அவருடையது. நாற்பது அடுக்குத் துணியை ஒன்றன்மேல் ஒன்றாகப் பரப்பி, மேலே அளவு அட்டையை வைத்து சாக்பீஸால் கோடு இழுத்து, அந்தக் கோட்டின் மேல் மின்கத்தியை ஓட்டுவார். நூலளவும் பிசகாது. ஆனால் பெயர் வந்தது அதனால் அல்ல. சைக்கிள் பந்தயத்தில் முடிவுக் கோட்டை யார் முதலில் தாண்டினார் என்று அவர் சொன்னால் அதுதான் முடிவு. அதனால் வந்த பெயர்.

ஆண்டுக்கொருமுறை ஜூலையில் நடக்கும் அந்தப் பந்தயம் மூன்று வாரம் ஓடும். தினமும் ஓர் ஊரில் புறப்பட்டு இன்னோர் ஊரில் முடியும். முடியும் நேரத்தில் நாங்கள் எல்லோரும் வேலையில் இருப்போம். ஆகவே சைக்கிள் கடைக்காரர் தன் கடையின் பின்னறை டிவியில் அதைப் பதிவு செய்து வைப்பார். மாலை ஆறரைக்கு நான்கு பேர் கூடுவோம். கடைக்காரர், மாஸ்டர், மாஸ்டரின் தொழிற்சாலை மேனேஜர், அப்புறம் நான். நான் பஸ் டெப்போவில் டைம்கீப்பர். பத்து நிமிடம் தாமதமாக வந்துவிட்டு, சரியான நேரத்துக்கு வந்ததாக எழுதச் சொல்லும் டிரைவர்களோடு முப்பது வருடம் மல்லுக்கட்டியவன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்று என் மனைவி சொல்வாள். அவள் சொல்வது சரிதான்.

அந்த அறைக்கு ஒரே சட்டம். முடிவு தெரிந்துகொண்டு யாரும் வரக்கூடாது. தொழிற்சாலை வாசலில் வாட்ச்மேன் அறை ரேடியோவில் ஐந்தரை மணிச் செய்தி ஓடும். அதைக் காதில் வாங்கக்கூடாது என்று மாஸ்டர் இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு அந்த வாசலைக் கடப்பார். ஐம்பது வயது மனிதர் அப்படி நடந்து போவதைப் பார்த்து, மேலே தையல் பிரிவு ஜன்னலில் அவர் மனைவி உட்பட எல்லோரும் சிரிப்பார்களாம்.

கூட்டமாகப் பாய்ந்து வரும் நாள்களில்தான் அவருக்கு வேலை. கடைசி இருநூறு மீட்டரில் ஏழெட்டுப் பேர் தலையைக் கவிழ்த்து மிதித்துக்கொண்டு வருவார்கள். சக்கரங்கள் கோட்டைத் தொட்டதும் கடைக்காரர் படத்தை நிறுத்திவிடுவார். திரை கறுத்துவிடும். நாங்கள் மூவரும் மாஸ்டரின் முகத்தைப் பார்ப்போம்.

“சிவப்பு. கால் டயர் முந்தி” என்பார். அல்லது, “மஞ்சள். ரெண்டாவது அந்த வெள்ளச் சட்ட. முக்கால் டயர்.”

மறுபடி ஓடவிட்டால் அதேதான் வரும். எப்படி என்று கேட்டால், “மூஞ்சியப் பாக்காதீங்கப்பா. எவன் பல்லைக் கடிக்கிறான்னு பாத்தா ஒண்ணும் தெரியாது. முன்சக்கரத்தப் பாரு, கோட்டப் பாரு. ரெண்டையும் ஒண்ணா பாரு” என்பார். நானும் பத்தொன்பது வருடம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். எனக்குப் பல்தான் தெரிந்தது.

அவர் சரியாகச் சொன்ன ஒவ்வொரு முறைக்கும் பின்னறைச் சுவரில் அவருடைய சாக்பீஸாலேயே ஒரு கோடு போடுவோம். பத்தொன்பது வருடத்தில் நூற்று நாற்பத்தேழு கோடுகள். தப்பாகச் சொன்னது மூன்று முறை. அந்த மூன்று நாளும் அவரே எழுந்துபோய்ப் பெருக்கல் குறி போட்டுவிட்டு வந்தார். மழைக்காலத்தில் சுவரில் ஈரம் கசிந்தால் கடைக்காரர் அந்த இடத்துக்கு மட்டும் மின்விசிறியைத் திருப்பி வைப்பார்.

அதற்கடுத்த வருடம் மாஸ்டர் நாற்காலியைத் திரைக்கு மிக அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். கால் நீட்ட வசதி என்றார். தலையை ஒரு பக்கமாகத் திருப்பி ஓரக்கண்ணால் பார்த்தார். கழுத்து வலியாம். நான், “மாஸ்டர் டிவியப் பாத்து வெக்கப்படுறாரு” என்று கேலி செய்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அதற்குப் பிறகும் முதல் இரண்டு வாரம் அவர் சொன்னது எதுவும் தப்பவில்லை.

மூன்றாவது வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. பச்சைச் சட்டைக்காரனும் நீலச் சட்டைக்காரனும் முன்னால் வந்தார்கள். நீலம் தடுப்புக் கம்பியை ஒட்டி ஏற, பச்சை அந்தப் பக்கமே சாய்ந்து சாய்ந்து வந்தான். நீலம் மிதிப்பதை விட்டுவிட்டு பிரேக்கைப் பிடித்தான். பச்சை கையை உயர்த்திக்கொண்டு கோட்டைத் தாண்டினான். நடுவில் ஒரு முழு சைக்கிள் இடைவெளி. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என் மாமியார் பார்த்திருந்தாலும் சொல்லியிருப்பார்.

கடைக்காரர் படத்தை நிறுத்தினார். மாஸ்டர் முன்னால் குனிந்து, “நீலம். அரை டயர்” என்றார்.

 கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். “மாஸ்டர் இன்னிக்கு நம்மளக் கிண்டல் பண்ற மூடுல இருக்காரு.” மாஸ்டரும் கூடச் சிரித்தார். அந்தச் சிரிப்பு கொஞ்சம் பிந்தி வந்தது. எனக்கு அப்போது அது உறைக்கவில்லை. எனக்குத்தான் சண்டை போட விஷயம் கிடைத்துவிட்டதே.

“பச்சை பண்ணது அயோக்கியத்தனம்” என்றேன்.

“என்ன அயோக்கியத்தனம்? ரோடே அங்க இடப்பக்கம் வளையுது. ரோடு வளைஞ்சா அவன் வளையாம என்ன பண்ணுவான்?” என்றார் கடைக்காரர்.

“ரோடு வளைஞ்சா வளையட்டும்யா. பின்னாடி வர்றவன் வழிய ஏன் அடைக்கணும்? கம்பிக்கும் அவனுக்கும் நடுவுல கையகலம் இடமில்ல.”

“அந்தச் சந்துல இவன எவன் நுழையச் சொன்னது? வலப்பக்கம் மைதானம் மாதிரி காலியாக் கிடந்துச்சு. நீங்க டெப்போலயும் இப்படித்தான், இடிச்சவன விட்டுட்டு இடம் குடுக்காதவனத் திட்டுவீங்க.”

மேனேஜர் கைகளை விரித்து, “எதுக்குச் சண்ட? மாஸ்டரக் கேப்போம். மாஸ்டர், பச்சை தன் வழிய விட்டு விலகினானா இல்லையா?” என்றார்.

“ரெண்டு பக்கமும் தப்பு இருக்கு” என்றார் மாஸ்டர்.

இது எனக்கு உறைத்தது. பத்தொன்பது வருடத்தில் அந்த வாயிலிருந்து ‘ரெண்டு பக்கமும்’ என்ற பேச்சு வந்ததே இல்லை. கடைக்காரர் படத்தை மறுபடி ஓடவிட்டார், திரையில் அறிவிப்பு வந்தது. நடுவர்கள் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்களாம். பச்சை வழி மறித்தது உறுதியாம். அவனைக் கூட்டத்தின் கடைசி இடத்துக்குத் தள்ளிவிட்டார்கள். வெற்றி நீலத்துக்கு.

நான் மெதுவாக அவர் பக்கம் திரும்பினேன். கண்ணால் பார்த்தவன் எவனும் நீலம் என்று சொல்ல முடியாது. முடிவை முன்பே கேட்டவன்தான் சொல்ல முடியும். பொய் நேரம் எழுதிய டிரைவரைப் பிடிக்கும் அதே குரல் எனக்கு வந்துவிட்டது.

“ரேடியோல கேட்டுட்டு வந்தீங்களா?”

மாஸ்டர் தன் பக்கத்து நாற்காலியை, மேனேஜர் உட்கார்ந்திருந்த திசையை, ஒரு தடவை பார்த்தார். “ஆமா” என்றார்.

“எத்தன நாளா?”

அவர் தன் உள்ளங்கைகளைத் தொடையில் தேய்த்தார். “எப்பவுமேதான்.”

“பத்தொன்பது வருஷமாவா?”

“ஆமாப்பா. எப்பவுமேதான்னு சொல்றேன்ல.”

நான் பேசியதை இங்கே முழுதாக எழுத எனக்குத் துணிவில்லை. திருடன் என்றேன். எங்களை முட்டாளாக்கி உட்கார வைத்துத் தினமும் உள்ளுக்குள் சிரித்திருக்கிறீர்கள் என்றேன். கடைக்காரர் என் தோளைப் பிடித்தார், நான் தட்டிவிட்டேன். மேனேஜர், “விடுங்க சார், விளையாட்டுதானே” என்றார். மாஸ்டர் எழுந்தார். கதவுநிலையைக் கையால் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு வெளியே போனார். அவர் போனதும் கடையில் கிடந்த ஈரத்துணியை எடுத்து அந்தச் சுவரைத் துடைத்தேன். நூற்று நாற்பத்தேழு கோடு, அந்த வருடத்தையும் சேர்த்து நூற்று ஐம்பத்து மூன்று. எல்லாவற்றையும் அழிக்க ஒரு வாளித் தண்ணீர்கூடத் தேவைப்படவில்லை. மூன்று பெருக்கல் குறிகளையும் சேர்த்துத்தான் துடைத்தேன். அந்தக் குறிகளைக் கண்ணால் பார்த்துக்கொண்டே துடைத்தேன், ஆனாலும் என் மண்டைக்கு ஒன்றும் எட்டவில்லை.

அதன்பிறகு பத்து மாதம் அவரோடு நான் பேசவில்லை. எதிரில் வந்தால் தெருவின் மறுபக்கம் போனேன். அவர் என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல் போனார். திமிரைப் பார் என்று நினைத்தேன்.

மே மாதக் கடைசியில் ஒருநாள் மேனேஜர் டெப்போவுக்கே வந்தார். நான் பேருந்து எண்ணை எழுதிக்கொண்டிருந்தேன். அவர் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

“மாஸ்டர் வேலைய விட்டுட்டாரு. அவருக்குக் கண்ணு தெரியல சார்” என்றார். “ஒன்றரை வருஷமாவே தெரியலையாம். நடுவுல ஒரே புகையாம், ஓரம் மட்டும்தான் கொஞ்சம் தெரியுதாம். அவர் சம்சாரம் தெனம் எல்லாருக்கும் முன்னாடி வந்து, அவர் போட்ட கோட்டு மேலயே தடிமனா கறுப்புக் கோடு போட்டுக் குடுத்திருக்காங்க. அவரு அட்டை ஓரத்தக் கட்டைவிரலால தடவித் தடவி வெட்டியிருக்காரு. பொண்ணு நர்ஸ் படிப்ப முடிக்கிற வரைக்கும்தான்னு ரெண்டு பேரும் பேசி வெச்சிருக்காங்க. நேத்து ரிசல்ட் வந்துச்சு. இன்னிக்குக் காலைல கத்தரிக்கோலக் கொண்டாந்து என் மேசையில வெச்சுட்டாரு.”

என் தலையில் யாரோ கல்லைத் தூக்கிப் போட்டதுபோல இருந்தது. அன்று ‘எத்தன நாளா’ என்று நான் கேட்டது, பக்கத்து நாற்காலியில் மேனேஜரை வைத்துக்கொண்டு. ‘இந்த வருஷம்தான் கேட்டுட்டு வரேன்’ என்று அவர் சொல்லியிருந்தால், ஏன் இந்த வருஷம் மட்டும் என்று அடுத்த கேள்வியை நான் விட்டிருக்கமாட்டேன். கண் தெரியாதவனை மின்கத்தி பக்கத்தில் எந்த மேனேஜர் விடுவார்? மேசையைக் காப்பாற்றிக்கொள்ள அவர் தன் பத்தொன்பது வருடத்தையும் பொய் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ரேடியோவில் கேட்டுவிட்டு வருகிறவன் மூன்று தடவை தப்பாகச் சொல்வானா? அவனே எழுந்துபோய்ப் பெருக்கல் குறி போடுவானா? சின்னக் குழந்தைக்குக்கூடத் தோன்றியிருக்கும். எனக்குத் தோன்றவில்லை.

அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கதவைத் திறந்து, என்னைக் கண்டதும் ஒரு கணம் நின்று, பிறகு வழிவிட்டார். மாஸ்டர் நாற்காலியில் வாசலைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருந்தார். நேராக என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, “யாரும்மா வந்திருக்கிறது?” என்றார்.

 அவர் தலையை ஒரு பக்கமாகத் திருப்பினார். அதே கழுத்து வலிக்காரரின் பார்வை. “அட, டைம்கீப்பரா! உக்காருப்பா.”

“அப்புறம் மேனேஜர் இல்லாத நேரத்துலயாவது என்கிட்ட சொல்லியிருக்கலாமே மாஸ்டர்” என்றேன். நான் கேட்க வேண்டியது மன்னிப்பு. அப்போதும் குறைதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“உனக்கு வாய் சும்மா இருக்காதே” என்று சிரித்தார். “சும்மா இருந்தாலும், தெனம் மேனேஜர் பக்கத்துல உக்காந்து மறைக்கணும். பொய் சொல்றது உனக்கு வராதுப்பா. செத்துருவ.”

நான் அழுதேன். அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். “பழைய வருஷமெல்லாம் என் கண்ணால பாத்ததுதான். போன வருஷந்தான் ரேடியோ. அத மட்டும் நீ நம்பினாப் போதும்” என்றார் மாஸ்டர். நம்புகிறேன் என்றேன். அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருந்தது என்று தெரியவில்லை.

ஜூலையில் அவரைக் கையைப் பிடித்துப் பின்னறைக்குக் கூட்டிவந்தேன். பழைய நாற்காலியில் உட்கார வைத்தோம். நான் வாயால் பந்தயத்தைச் சொல்லிக்கொண்டே வந்தேன். யார் முன்னால், யார் பின்னால், எந்தப் பக்கம் காற்று. அவர் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார். இரண்டு பேர் தோளோடு தோளாகக் கோட்டைத் தொட்டார்கள். கடைக்காரர் படத்தை நிறுத்தினார். பழக்கதோஷம், நாங்கள் மூவரும் மாஸ்டரின் முகத்தைப் பார்த்தோம்.

நாங்கள் பார்ப்பது அவருக்குத் தெரியவில்லை. “என்னப்பா சத்தத்தக் காணோம்? யாரு ஜெயிச்சா?” என்றார்.

“தெரியல மாஸ்டர்.”

“முன்சக்கரத்தப் பாத்தியா?”

“பாத்தேன்.”

“கோட்ட?”

“ரெண்டையும் ஒண்ணா பாக்க வரல.”

“கஷ்டந்தான்” என்று தலையாட்டினார்.

கிளம்பும்போது கதவருகில் நின்றார். “சுவத்துல நம்ம கோடெல்லாம் இருக்குல்ல?”

கடைக்காரர் என்னைப் பார்த்தார். மேனேஜர் தரையைப் பார்த்தார். “இருக்கு மாஸ்டர். அப்படியே இருக்கு” என்றேன்.

அவர் கையை நீட்டி, அந்த இடத்தைத் தேடி, சுவரை மேலிருந்து கீழாக ஒருமுறை தடவினார். முப்பது வருடம் சாக்பீஸ் பிடித்த கை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துத் தேய்த்துப் பார்த்தார். விரலில் ஒரு பொட்டுத் தூள் இல்லை.

“ஆமா, இருக்கு” என்றார். “வா, போலாம்.”