மிக்கேல் மச்சான் காருக்கு ஏசி வைத்த வாரம்

அருளுக்கும் ஸ்டெல்லாவுக்கும் அப்பா எழுதுவது. போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் மீட்டிங் வந்துவிடுகிறது உங்களுக்கு. அதனால் எழுதிவிடுகிறேன். நான் பத்தாவது தாண்டாதவன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் அருள் வந்திருந்தபோது, கார் ஏசி குளிரவில்லை என்று ஒரு மெக்கானிக்கை வீட்டுக்கே கூப்பிட்டான் அல்லவா. அவர் பேனா மாதிரி ஒரு கருவியைக் குழாய் ஓரமாக நகர்த்திக்கொண்டே போனார். ஓரிடத்தில் அது கீ கீ என்று கத்தியது. "இங்கனதான் சார் லீக்கு" என்றார். அவ்வளவுதான். நான் பக்கத்தில் போய்ப் பழக்கதோஷத்தில் குனிந்து மோந்து பார்த்தேன். "அந்தக் கேஸுக்கு மணமே கிடையாதுப்பா" என்று அருள் சிரித்தான். தெரியும் மக்கா. அதைத் தெரிந்துகொள்வதற்குள் ஒரு மனிதனின் பிழைப்பையே கெடுக்கப் பார்த்தவன் நான்.

எழுபதுகளில் நான் மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் ஓர் ஐஸ் கம்பெனியில் கம்ப்ரசர் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே எல்லாம் அமோனியா. துளி கசிந்தாலும் கண்ணில் நீர் கொட்டும். அந்த மணம் சட்டையை விட்டுப் போகாது. கல்யாணமான புதிதில் உங்கள் அம்மா என் சட்டையைத் தனி வாளியில் ஊறப்போட்டுவிட்டுச் சொல்வாள்: "பிள்ள பெறாமலே பிள்ளத்துணி மணக்குது நம்ம வீட்டுல." ஸ்டெல்லா பிறந்த பிறகு எந்த வாளி யாருடையது என்று எங்களுக்கே தெரியாமல் போனது வேறு கதை.

கசிவு எந்த இணைப்பில் என்று பார்க்கக் கந்தகத்திரி வைத்திருப்போம். உருகிய கந்தகத்தில் தோய்த்த நூல் திரி. பற்றவைத்து இணைப்பு இணைப்பாகக் காட்டினால், அமோனியா கசியும் இடத்தில் குப்பென்று வெள்ளைப் புகை எழும். திரி பிடிப்பதில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. பக்கத்துக் கம்பெனிக்காரர்கள்கூடக் கூப்பிடுவார்கள். அந்தப் பெயர்தான் என்னைக் கவிழ்த்தது.

அம்மாவின் அண்ணன் மிக்கேல் மச்சானை அருளுக்கு அவ்வளவாக நினைவிருக்காது. கொழும்புக்குப் போகும் தோணியில் வேலை பார்த்தவர். சரக்கு மூட்டை சரிந்து விழுந்ததில் வலது தோள் போயிற்று. கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாதவனுக்குப் பாய்க்கயிற்றில் என்ன வேலை? கையில் இருந்ததையெல்லாம் போட்டு ஒரு பழைய அம்பாசிடரை வாங்கி டாக்சி ஓட்டினார். கடல் மட்டும் வாயை விட்டுப் போகவில்லை. பிரேக்கை நங்கூரம் என்பார். கண்ணாடியை ஏற்றச் சொல்ல "பாயை ஏத்துலே" என்பார். சவாரி ஏறியவர்கள் முழிப்பார்கள்.

புதுத் துறைமுகத்துக்குப் பெரிய கப்பல்கள் வரத் தொடங்கிய காலம். கேப்டன்களை மதுரை விமான நிலையத்துக்குக் கொண்டுபோக ஒரு கப்பல் ஏஜென்சிக்கு நிரந்தரமாக ஒரு கார் வேண்டியிருந்தது. ஏசி இருந்தால்தான் என்றுவிட்டார் மேனேஜர். டாக்சியில் ஏசி என்று அப்போது ஊரில் யார் கண்டது? மச்சான் எங்கெங்கோ விசாரித்து, ஆறுமுகநேரியில் ஓர் உப்பள முதலாளியின் கொட்டகையில் ஓடாமல் கிடந்த வெளிநாட்டுக் காரிலிருந்து ஏசி சாமான்களைக் கழற்றி வந்துவிட்டார். கோணிப்பையை என் முன்னால் கவிழ்த்து, "ஐஸ் கம்பெனியையே குளிர வைக்குதிய மாப்ள. ஒரு காரைக் குளிர வைக்க மாட்டியளா?" என்றார்.

மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வீட்டுக்குப் பின்னால் துவைகல் பக்கத்தில் காரை நிறுத்தி, லீவு போட்டு இறங்கினேன். கம்ப்ரசரை அம்பாசிடர் இன்ஜினோடு சேர்த்துப் பிடிக்க, ஐஸ் கம்பெனியின் பழைய ஆங்கிள் இரும்பில் ஒரு தாங்கி செய்தேன். பெயின்ட் அடிக்கும் முன் உளியால் அதில் என் பெயரை வெட்டிக்கொண்டேன். அவ்வளவு பெருமை. மதுரையிலிருந்து சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்த சிலிண்டரில் இரண்டு தடவைக்குத்தான் கேஸ்.

முதல் தடவை ஏற்றினேன். கந்தகத்திரியைக் கொளுத்தி ஒவ்வோர் இணைப்பாகக் காட்டினேன். வெள்ளைப் புகை இல்லை. மூக்கை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. "சொட்டு லீக் கிடையாது மச்சான்" என்றேன். உள்ளே குளிர்ந்தது. தெருவே வந்து கையை நீட்டிப் பார்த்தது. அடுத்த வீட்டு மேரியக்கா உங்கள் அம்மாவிடம், "ஏளா, பாதிச் சீலா மீன் மிஞ்சிக் கிடக்கு. காலையில வரைக்கும் உள்ள வச்சிக்கிடட்டா?" என்றாள். மச்சான் காரைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

மறுநாள் மேனேஜரை ஏற்றி, கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டு ஆறுமுகநேரி வரை வெள்ளோட்டம். திரும்பி வந்த மச்சான் துவைகல்லில் உட்கார்ந்தார். சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது.

"அனலா அடிச்சது மாப்ள. அந்த மனுசன் அவிச்ச பனங்கிழங்கு மாதிரி எறங்கினாரு."

"என்ன சொன்னாரு?"

"ஏசல. ஏசிருந்தாத் தேவல. ஞாயித்துக்கிழம ஒரு கேப்டன் எறங்குதாராம். அதுக்குள்ள குளிர்ந்தா வா, இல்லன்னா மதுரயில வேற வண்டி சொல்லிருதேன்னுட்டாரு." தன் வலது கையைப் பார்த்தார். "தோணிக்கும் ஆவல. இதுக்கும் ஆவலயோ என்னமோ."

நான்கு நாள் இருந்தது. மிச்சக் கேஸில் கொஞ்சம் ஏற்றி, திரியைக் கொளுத்தி மறுபடி காட்டினேன். புகை இல்லை. கம்ப்ரசரைத் திட்டினேன். உப்பள முதலாளியைத் திட்டினேன். உங்கள் அம்மா துவைத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்டெல்லா அப்போது அவள் வயிற்றில்.

"ஏங்க, இது அந்த அமோனியாதானா?"

"இல்ல. இது வேற. மணமே கிடையாது."

"மணமில்லாததை மூக்கை வச்சு எப்படிப் பிடிப்பிய? அந்தத் திரிக்கு மட்டும் இது எப்படித் தெரியும்? சைக்கிள் டியூப்புக்குத் தண்ணியில முக்கில்லா பாக்காவ."

"ஏழு வருசமா கம்ப்ரசர் பாக்கேன். நீ துணியைப் பாரு" என்றேன்.

அவள் தேங்காய்ச் சிரட்டையில் சோப்பை நுரைக்க அடித்தாள். வீட்டுக்குள் போய் என் சவர பிரஷை எடுத்து வந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து ஒவ்வோர் இணைப்பிலும் நுரையைத் தடவினாள். மூன்றாவது இணைப்பில், சக்கரத்துக்கு மேலே, ஒரு குமிழி மெதுவாக உப்பியது. சுண்டைக்காய் அளவு வந்து உடைந்தது. அடுத்தது கிளம்பியது.

"இந்தா, மூச்சு விடுது" என்றாள்.

தப்பு என்னுடையது. ஐஸ் கம்பெனியில் இரும்புக் குழாய்; ஸ்பேனரில் பைப்பைச் சொருகி, ஆள் தொங்கி முறுக்குவோம். அதே முறுக்கை இந்தச் செம்புக் குழாய்க்கும் கொடுத்திருக்கிறேன். இணைப்புக்காக விரித்திருந்த குழாயின் வாய் மயிரிழைக்கு வெடித்திருந்தது. வெட்டிவிட்டுப் புதிதாக வாய் விரித்து, பட்டும்படாமல் முறுக்கினேன். கொஞ்சம் கேஸ் விட்டு மறுபடி நுரை. குமிழி இல்லை. மிச்சக் கேஸ் முழுவதையும் ஏற்றினேன்.

சாயங்காலம் மச்சான் வந்து உள்ளே கையை நீட்டியவர் அப்படியே நின்றார். "எப்படி மாப்ள கண்டுபுடிச்சிய?"

உங்கள் அம்மா பிரஷோடு பக்கத்தில்தான் நின்றாள். மேரியக்கா மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அனுபவந்தான் மச்சான்" என்றேன். அம்மா பிரஷை உதறிவிட்டு உள்ளே போனாள். அன்றைக்கு ராத்திரி குழம்பில் உப்புகூடக் குறையவில்லை. குறைந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை கேப்டன் மதுரை வரை தூங்கினாராம். "நடுவழியில முழிச்சு, போர்வை இருக்கான்னு சைகை காட்டினான் மாப்ள" என்று மச்சான் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஏஜென்சி வேலை நிலைத்தது. இரண்டு பெண்களை அந்தக் காரை வைத்தே கரையேற்றினார். எனக்கு ஊரில் ஏசி அண்ணாச்சி என்று பெயர் விழுந்தது.

இப்போது அந்த ஐஸ் கம்பெனி இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். கந்தகத்திரி என்றால் கடையில் முழிக்கிறார்கள். அம்பாசிடரை இரும்புக்குப் போடும் முன் மச்சான் அந்தத் தாங்கியை மட்டும் கழற்றிக்கொண்டு வந்தார். "உங்க பேரு கெடக்கு மாப்ள. இது போகக் கூடாது." வாங்கி வைத்துக்கொண்டேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அடுத்த வருடம் அவரும் போய்விட்டார்.

அருளின் காரைச் சரிபார்த்தவர் போனபின் இரண்டு நாள் எனக்கு இதே நினைவு. ஞாயிறு காலை உங்கள் அம்மா பூசைக்குப் போனதும், கட்டிலுக்கு அடியிலிருந்து தாங்கியை இழுத்துத் துவைகல்லில் வைத்தேன். உளி கிடைத்தது. என் பெயருக்குப் பக்கத்தில் ரோஸ்மேரி என்று அவள் பெயரையும் வெட்டினேன். உளி வழுக்கியதில் 'மே' கொஞ்சம் சரிந்துவிட்டது. துருத்தூளை ஊதிவிட்டு, பழையபடி கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். பிறகு மறுபடி குனிந்து, அவள் பெருக்கும்போது கண்ணில் படுகிற மாதிரி, எழுத்துப் பக்கத்தை வெளியே பார்க்கத் திருப்பி வைத்தேன்.